கப்பல் டாக்டர்

"அந்தக் கடை வேண்டாங்க. புதுசா ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியல" என்று கணவரின் முழங்கையைப் பிடித்து காமிக்ஸ் சந்தையின் அடுத்த வரிசைக்குத் திருப்பினாள் அவள்.

அதற்குள் கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்னண்ணே, கண்டும் காணாமப் போறீங்க?"

"காணாமப் போறது உண்மைதான் தம்பி. கண்டுதான் ரொம்ப நாளாச்சு" என்று சிரித்தபடி கணவர் குரல் வந்த திசைக்குத் திரும்பினார்.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சமாளிக்க வேண்டுமே. "அண்ணி பர்ஸைக் காப்பாத்த உங்களை இழுத்துட்டு ஓடுறாங்க போல" என்றார். பக்கத்துக் கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் சிரித்துவைத்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த நாளிலிருந்தே அவருக்குக் காமிக்ஸ் என்றால் உயிர். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, கடைசியில் அவளுடைய துணி அலமாரி வரைக்கும் புத்தகங்கள் குடியேறிவிட்டன. கண் நீர் அழுத்த நோய் வந்து பார்வை போன பிறகும் இந்தக் காமிக்ஸ் சந்தைக்கு வருவதை மட்டும் அவர் விடவில்லை. ஒரு புத்தகத்தை வாங்கி முகர்ந்து, தாளை விரலால் தடவினால் போதும். எந்த அச்சகம், எவ்வளவு பழசு என்று சொல்லிவிடுவார்.

இன்று கைக்கு வந்ததெல்லாம் புத்தகத்தை உள்ளே வைத்து மூடிய பிளாஸ்டிக் பெட்டிதான். ஒன்றைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். "இதைத் திறக்க முடியாதா?"

"ஐயோ, சீல் வச்சதுண்ணே! புத்தகம் எவ்வளவு கசங்காம இருக்குன்னு மார்க் போட்டு ஒட்டியிருக்காங்க. திறந்தா மதிப்பே போயிடும்."

"அப்போ படிக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"இப்பல்லாம் யாருண்ணே படிக்கிறா?"

அவர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். காலையிலிருந்து நின்ற களைப்பு மொத்தமும் அப்போதுதான் முகத்தில் தெரிந்தது. "முன்னெல்லாம் ரெண்டு பேர் சந்திச்சா கதைக்காகச் சண்டை போட்டுக்குவோம். வில்லன் அப்படிச் செத்திருக்கக் கூடாதுன்னு ஒரு வாரம் பேசாம இருந்திருக்கோம். இப்போ மூலை நசுங்கியிருக்கா, ஓரம் மடங்கியிருக்கான்னுதான் சண்டை. காலைல இருந்து கண்ணாடி ஜன்னலத் தடவிட்டுத் திரியுற மாதிரி இருக்கு தம்பி. அலுத்துப்போச்சு."

"கிளம்பலாங்க. உங்களுக்குக் கால் வலிக்கும்" என்று அவள் மறுபடி இழுத்தாள்.

அவளுக்கும் அலுப்புதான். ஆனால் அதைவிடப் பயம் அதிகம்.

அவருக்கு மிகவும் பிடித்தது 'கப்பல் டாக்டர்' என்ற மாதத் தொடர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கண் மருத்துவர் கைவிரித்த அதே வாரம்தான் அதன் கடைசி இதழும் வந்தது. அவருக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவள், கடைசிக் கட்டத்தில் 'முற்றும்' என்று இருப்பதைப் பார்த்துத் திகைத்தாள். எதிரே மோவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தவரை ஒரு முறை பார்த்தாள். "தொடரும்" என்று படித்தாள்.

அன்று பிடித்தது வினை. பகலெல்லாம் சலவைக் கடைக் கவுண்டரில் நின்று துணிக்கு டோக்கன் போட்டுக்கொண்டே, அடுத்த மாதம் டாக்டரை எந்தத் துறைமுகத்தில் மாட்டிவிடுவது என்று மண்டையைக் குடைந்துகொள்வாள். மாதம் பிறந்ததும், "புது இதழ் வந்திருக்குங்க" என்று ஏதோ ஒரு பழைய புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிச் சொல்லுவாள். அதை மட்டும் அவர் ஒரு நாளும் கையில் கொடு என்று கேட்டதில்லை. தன் நல்ல காலம் என்று அவள் நினைத்திருந்தாள்.

இந்தச் சந்தையில் யாராவது ஒரு வார்த்தை உளறிவிட்டால் போதும், எல்லாம் கெட்டது.

"ஒண்ணு சொல்றேன் தம்பி" என்றார் அவர், நகராமல். "எல்லாம் இப்படிக் கெட்டுக் குட்டிச்சுவராப் போனாலும், கப்பல் டாக்டர் கதை மட்டும் முன்னவிட நல்லா இருக்கு. போன மாசம், சட்டைக் காலர்ல இருந்த கறைய வச்சே கொலைகாரனப் பிடிச்சுட்டாரு டாக்டர். எழுதுறவங்களுக்குத் துணிமணி பத்தி அப்படி ஒரு ஞானம்!"

அவள் கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, உதட்டில் விரல் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, தலையை ஆட்டி என்னென்னவோ ஜாடை காட்டினாள். கடைக்காரரோ மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"போன மாசமா? என்னண்ணே சொல்றீங்க?" என்ற குரல் கீழேயிருந்து வந்தது. "அந்தத் தொடர் நின்னு வருஷக்கணக்காச்சே! இதோ, கடைசி இதழையே சீல் போட்டு வச்சிருக்கேன் பாருங்க."

பெட்டியோடு நிமிர்ந்தவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

அவள் கணவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் என்னை ஏமாற்றினாயா என்று கேட்டால் என்ன சொல்வது?

கணவர் கையை நீட்டித் துழாவி, அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"கடைக்கு வராது தம்பி. அது எங்க வீட்டுக்கு மட்டும்தான் வருது."