எச்சில் பட்ட பாறை

கம்பத்து மலையில் பளியர்கள் கும்பிடும் பாறை வெயிலில் கொதிக்கிறது. அதன் உச்சியில் பூட்ஸ் காலோடு நின்று, ஏலக்காய் வியாபாரி ஆதித்தன் வெற்றிலை எச்சிலைத் துப்புகிறார். அது சிவப்பாக வழிந்து, சாமிக்கு வைத்த தழையை நனைக்கிறது. கீழே பளியப் பெண் இருளம்மாள் பதறுகிறாள். "எம் புருசன் அந்தச் சரிவுல கொடியப் புடிச்சுத் தொங்கித் தேனெடுக்கிறாரு சாமி. அவரு ஏறி வர்ற வரைக்கும் இங்கன யாரும் செருப்புக்காலோட மிதிக்கப்படாது. கொடி அறுந்துரும்." ஆதித்தன் சிரித்தபடி, கீழே நிற்கும் அண்ணன் மகளைப் பார்க்கிறார். "ஒங்க சாமிக்குக் குங்குமச் செலவு மிச்சம். ஆத்தா பாண்டி, நீ பி.ஏ. படிச்சவ, இது வெறுங்கல்லுன்னு இவளுக்குச் சொல்லு." பாண்டியம்மாளுக்கு இந்த ஆளைச் சித்தப்பா என்று கூப்பிட்ட வாயே நாறுகிறது. விறுவிறுவென்று ஏறி, அவர் தோளிலிருந்து சரிகைத் துண்டை உருவி, எச்சிலை அழுத்தித் துடைக்கிறாள். துடைக்கத் துடைக்கப் பரவுகிறது. கும்பிட்ட கையை இறக்காமலே இருளம்மாள் சொல்கிறாள்: "தாயி, நீங்களும் செருப்போடதான் நிக்கிறீக."