பெடல் மேல் ஒரு கால்

பின்லாந்தின் குவோப்பியோ நகரில், கார் பட்டறையில், மெக்கானிக் ரெய்யோ கழற்றிய கிளட்ச் தட்டை மேசையில் போட்டார். தேய்ந்து, கருகி, நாறியது. ஐந்நூறு குதிரைத்திறன் காருக்கு இந்த வருஷம் இது மூன்றாவது தடவை.

"கிளட்ச் பெடல் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுறடா. அதான் வழுக்கி வழுக்கிக் கருகுது. கால் வலிச்சா பஸ்ல போ."

"சத்தியமா வைக்கலண்ணே," என்றான் காரின் சொந்தக்காரன் யால்மரி.

இப்படிச் சத்தியம் செய்த எத்தனையோ பேரை ரெய்யோ பார்த்திருக்கிறார். தட்டுக்குப் புதுப் பட்டை அடித்து மாட்டினார். அவனை நம்பாமல், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டிப் பார்த்தார்.

ஏரிக்கரை நேர்ச்சாலையில் எஞ்சின் அலறியது. வண்டி வேகம் பிடிக்கவில்லை. அதே கருகல் வாடை.

யால்மரி சிரித்தான். "இப்ப யாருண்ணே கால வச்சிருக்கா?"

ரெய்யோ குனிந்து பார்த்தார். அவருடைய இடது கால் சீட்டுக்கு அடியில் மடங்கியிருந்தது. கிளட்ச் பெடல் இரண்டு விரற்கடை அமுங்கியிருந்தது.

"கால எடு," என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே.

பெடல் மெதுவாக மேலே வந்தது.