ஒரு ஃபிரேம்கூட விடாமல்

படம் எங்கும் சிக்கவே கூடாது என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் சிரித்தார். "ஹோம் தியேட்டருக்குத்தானுங்க? பெரிய டிவில சினிமா பாக்கறதுக்கு?"

ஆமென்றாள். விளக்கிச் சொல்ல மனமில்லை.

அவர் எடுத்து வைத்த சின்னப் பெட்டியைத் திரும்பத் தள்ளினாள். இந்த மாதிரி ஒன்றில்தான் போன மாதம் அது நடந்தது.

பனியன் கம்பெனியின் மேல்மாடியில் அவள் தங்கை மரகதமும் இன்னும் நான்கு பெண்களும் எப்படிக் கருகினார்கள் என்ற விசாரணை. கேமரா பதிவு இருந்தது. யார் கை ஓய்கிறது, யார் சரக்கைத் திருடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முதலாளி நல்லசிவமே வாங்கி மாட்டிய கேமரா. ஃபோர் கே. ஊசியில் நூல் கோப்பதுகூடத் தெரியும்.

விசாரணை அறையின் பழைய கம்ப்யூட்டரில் பதிவை ஓட்டினார்கள்.

புகை வந்தது. பெண்கள் கம்பிக் கதவை நோக்கி ஓடினார்கள். கதவுக்கு அப்பால் யாரோ வந்தார்.

படம் சிக்கியது.

மறுபடி நகர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. அப்பால் ஒருவரும் இல்லை.

பூட்டியது யாரென்று தெரியவில்லையே என்றார் நல்லசிவத்தின் வக்கீல். நல்லசிவம் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. சிரிப்பைத்தான் மறைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த அமர்வுக்கு நல்ல மெஷினாக நீங்களே கொண்டுவரலாம் என்று விசாரணை அதிகாரி சொன்னார்.

கொண்டுவருகிறேன் என்றாள்.

"பழைய மெஷின்ல இந்த வீடியோவைப் பிரிச்சுக் காட்டற சிப் இருக்காதுங்க" என்றார் கடைக்காரர். "பாரம் தாங்காம நடுவுல ஃபிரேமை, அதான் ஓடற படத்துல சில துண்டை, முழுங்கிரும்."

முழுங்கிரும். அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

புது பிராசஸர் போட்ட மெஷினைக் காட்டினார். விசாரணையில் கொடுத்த பதிவின் நகல் இருந்த பென் டிரைவை அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஓடியது. அவள் படத்தைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் ஓடிய எண்ணைப் பார்த்தாள். விடுபட்ட ஃபிரேம்கள், மூன்று.

"மூணுதானுங்க. கண்ணுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்."

ரேமைக் கூட்டினார். ஒன்று. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினார். மறுபடி ஓட்டினார். இம்முறை அவரும் படத்தைப் பார்த்துவிட்டார்.

அவர் கை எட்டி, கடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தது.

பூஜ்யம்.

"நானே கொண்டாந்து மாட்டித் தர்றனுங்க அக்கா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

வேண்டாமென்றாள். ஓட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டாள். நிறுத்துவது, பின்னுக்குத் தள்ளுவது, எல்லாம்.

அமர்வு நாளில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். வயர்களைத் தானே மாட்டினாள்.

புகை வந்தது. பெண்கள் ஓடினார்கள். கதவுக்கு அப்பால் வந்தவர் நல்லசிவம்.

மரகதம் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள். அவர் அந்தக் கையை உள்ளே தள்ளினார். சரக்கு அடுக்கியிருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தாழ்ப்பாளைப் போட்டார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார்.

எங்கும் சிக்கவில்லை.

வக்கீல் காகிதங்களைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"போதும். நிறுத்தச் சொல்லுங்க" என்றார் நல்லசிவம்.

அதிகாரி நிறுத்தச் சொல்லவில்லை.

அவள் பின்னுக்குத் தள்ளினாள். கை நீண்ட இடத்துக்கு வந்தாள். இனி ஒவ்வொரு ஃபிரேமாக.

நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம்.

நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, முதல் ஃபிரேமைத் தட்டினாள்.