பத்து மணிக்குள் ஒரு கல்யாணம்

பாதிரியாரின் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் ஓடினாள்.

சந்தைத் தெருவெங்கும் சேறு. பன்றிக்குட்டிகள். முட்டைக் கூடைகள். எதிரே வந்த வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, வாய்க்கு வந்தபடி திட்டினான்.

அவள் நிற்கவில்லை.

"மெதுவா மகளே. எனக்கு அறுபத்திரண்டு வயசு."

"அவருக்கு இருபத்தெட்டு, ஃபாதர். பத்து மணிக்குக் கோர்ட்."

பாதிரியார் ஓடினார்.

அயர்லாந்து, 1798.

ராஜத் துரோக வழக்குகள் சூட்டோடு சூடாக முடிந்துகொண்டிருந்த வருடம். காலையில் கூண்டு. மதியம் தீர்ப்பு. மறுநாள் கயிறு.

அந்த இருபத்தெட்டு வயதுக்காரன் மேல் இருந்த குற்றம் இதுதான். ஒரு தானியக் கிடங்கில், மன்னரின் ஆட்சியைக் கவிழ்ப்போம் என்று மூன்று பேரிடம் சத்தியம் வாங்கினான்.

அவனுடைய வக்கீல் நேற்றே அவளிடம் கையை விரித்துவிட்டார்.

"இதே கேஸ் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்துல நடந்தா ரெண்டு சாட்சி வேணும். யார் யார்னு முன்னாடியே பட்டியலும் கொடுத்தாகணும். இங்கே ஒரு சாட்சி போதும். அது யாருன்னு கூண்டுல ஏறின பிறகுதான் இவனுக்கே தெரியும்."

ஒரே மன்னர். ஒரே குற்றம். நடுவில் கொஞ்சம் தண்ணீர்.

சிறை வாசலில் ஜெயிலர் சாவிக் கொத்தை விரலில் சுழற்றினான்.

"விதவை ஆகறதுக்கு இவ்வளவு அவசரமா, பொண்ணே?"

அவள் கூடையிலிருந்து வாத்தை எடுத்து அவன் மேஜைமேல் வைத்தாள். உயிருள்ள வாத்து. அது அவனைப் பார்த்துக் கத்தியது.

கதவு திறந்தது.

அவன் எழுந்தான். காலில் சங்கிலி. மூன்று வாரத் தாடி. பாதிரியாரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அதுக்குள்ளேயா, ஃபாதர்? இன்னும் விசாரணையே நடக்கலையே."

"பாவமன்னிப்புக்கு வரலைப்பா, ஃபீலிம். கல்யாணத்துக்கு வந்திருக்கேன்."

அவன் அவளைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"வேண்டாம். நாளைக்கு உன்னைக் கறுப்பு உடுத்த வைக்க மாட்டேன்."

"ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தது நீதானே?"

"அப்போ என் கழுத்து என்கிட்ட இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை.

"சரின்னு சொல்லு. எதுவும் கேட்காதே. சரின்னு மட்டும் சொல்லு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பவன்போல, நிதானமாக.

"சரி."

பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். உடனே மூடினார்.

"சாட்சி ரெண்டு பேர் வேணும். இல்லேன்னா இது கல்யாணமே இல்லை."

கல்யாணத்துக்கு இரண்டு. கயிற்றுக்கு ஒன்று.

முனகிக்கொண்டே ஜெயிலர் வந்து நின்றான். இன்னொரு ஆள்?

பக்கத்து அறைக் கம்பிகளுக்கு நடுவே ஒரு மூக்கு நீண்டது. ஆடு திருடி மாட்டிக்கொண்டவன்.

"நான் வர்றேன். விருந்து உண்டா?"

"வாத்து இருக்கு. ஆனா அது எனக்கு" என்றான் ஜெயிலர்.

இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தேவாலய மணி முக்கால் அடித்தது. மை காயாத காகிதத்தை அவள் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அவனை அவள் தொடக்கூட இல்லை.

பத்து மணி.

கோர்ட்டில் நிற்க இடமில்லை. அவள் கடைசி பெஞ்சில் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டாள். கூண்டில் அவன்.

அரசாங்க வக்கீல் எழுந்தார். அவர் முகத்தில் அவசரமே இல்லை.

"மன்னர் தரப்பில் ஒரே ஒரு சாட்சி, பிரபு."

குமாஸ்தா காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஹானரா டெவரூ!"

யாரும் எழவில்லை.

"ஹானரா டெவரூ!"

அவள் எழுந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, சிப்பாய்கள் அவளுடைய அப்பாவை வீட்டு வாசலிலேயே கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். கிடங்கில் சத்தியம் வாங்கியது யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அப்பா கடைசிவரை வாய் திறக்கவில்லை.

நாற்பதாவது அடியில் அவள் திறந்தாள்.

ஒரு பெயர். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

"நான் சாட்சி சொல்ல முடியாதுங்க, பிரபு." காகிதத்தை எடுத்து நீட்டினாள். "அவர் என் புருஷன்."

நீதிபதி கண்ணாடியை இறக்கினார்.

"எப்போதிலிருந்து?"

"ஒன்பதே முக்காலிலிருந்து."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சேவகன் தடியால் தரையைத் தட்டினான். அரசாங்க வக்கீல் காகிதக் கட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் வேறு பெயர் இல்லை.

கணவனுக்கு எதிராக மனைவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. இந்த ஒரு சட்டம் மட்டும் கடலின் இரண்டு பக்கமும் ஒன்று.

நீதிபதி கைதியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல். இவள் உன் மனைவிதானா?"

சிரிப்பு அடங்கியது.

அவன் கடைசி பெஞ்சைப் பார்த்தான். தன் பெயரைச் சொன்ன வாயைப் பார்த்தான்.

யாரோ இருமினார்கள்.

"ஆமாங்க, பிரபு."

பிறகு நீதிபதியை விட்டுவிட்டு, அத்தனை தலைகளையும் தாண்டி, அவளிடம் கேட்டான்.

"அப்பாவுக்கு முதுகு ஆறிடுச்சா?"