சுவாவிலிருந்து வர வேண்டிய மெமரி

“இந்த மெமரி இங்கே கிடைக்காது, தங்கச்சி. சுவாவிலிருந்து வரணும்” என்றார் வெங்கடசாமி. அது அவருடைய மேசை டிராயரிலேயே இருந்தது.

தீவின் தலைநகரான சுவாவிலிருந்து பல மணி நேரம் தள்ளியிருந்த சிற்றூரான தவுவாவில், பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற சுஷீலா, மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்போடு வட்டுகோலாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறக்கவே பத்து நிமிஷம் ஆகிறதாம். மெமரியைக் கூட்டி, தன்னோடு வந்து தங்குவதற்கான விசா ஃபாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தான் ஆக்லாந்திலிருக்கும் மகன்.

பின்மூடித் திருகுகளில் புதுக் கீறல்கள். உள்ளே இரண்டு மெமரிக்கான இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மகனின் கைவேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷமே அவர் மனைவி மகளோடு பிரிஸ்பேன் போய்விட்டாள். நெஞ்சு எக்ஸ்ரேயில் கறை என்று அவருக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. கடையில் நாளெல்லாம் இந்திதான். தமிழ் பேச ஆளில்லாமல் நாக்கு மரத்துப்போயிருந்தது. சுஷீலா வாயைத் திறந்ததும் தமிழ் வந்தது. அதனால்தான் அந்தப் பொய்.

செவ்வாய் வந்தாள், புதன் வந்தாள், வியாழனும் வந்தாள். இன்னும் வரவில்லை என்றே சொன்னார். அவள் கோபப்படவில்லை; உட்கார்ந்து பேசினாள். ஆட்கள் வெளிநாடு போய்த் தெருவில் ஐந்து வீடு பூட்டிக்கிடக்கிறது, இந்த வருஷம் தீமிதியில் இறங்க நாலே பேர் என்றாள். பேசிப்பேசியே இரண்டு பஸ்ஸை விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மகன் கடைக்கே போன் செய்தான். அம்மா தனியாக இருக்கிறாள், இன்று தவறினால் அடுத்த வருஷம்தான் என்றான்.

வெங்கடசாமிக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் வருவதற்குள் மெமரியைப் பொருத்திவிட்டார். வந்ததும் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

“மன்னிச்சிடு, தங்கச்சி. மெமரி முதல் நாளே என்கிட்ட இருந்துச்சு. நீ வந்தா ரெண்டு வார்த்தை தமிழ்ல பேசலாம்னுதான் மறைச்சேன். இன்னும் நேரமிருக்கு, ஃபாரத்தை அனுப்பு.”

பக்கம் சட்டென்று திறந்தது. சுஷீலா எதையும் நிரப்பாமல் லேப்டாப்பை மூடினாள். பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்தாள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மெமரி.

“இதைக் கழட்டி வெச்சதே நான்தான், அண்ணே.”