வாசல்படிக் கறை

"கவுபா, இத எவன் துப்பினது?"

சந்தையோரச் சின்ன ஆஸ்பத்திரியின் வாசல்படியில் நின்று சிஸ்டர் ஹானே கேட்டாள். 'பாக்கு போடக் கூடாது, துப்பக் கூடாது' என்று அவளே சிவப்பு மையில் எழுதி மாட்டிய பலகை. அதற்கு நேர் கீழே, அந்த எழுத்தின் நிறத்திலேயே ஒரு திட்டு, இன்னும் ஈரம் காயாமல் கிடந்தது.

காவலாளி கவுபா, வரிசையில் ஐந்தாவதாக நின்றவனைத் தடியால் சுட்டிக் காட்டினான். துப்பியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னான். ஆள் பெயர் ஓபேத். சந்தையிலிருந்து துறைமுகம் போகும் பஸ்ஸில் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கூவுகிறவன்.

"பஸ்காரன் வேற எதத் துப்புவான் சிஸ்டர்? அவங்களுக்கெல்லாம் பாக்கு மெல்லாம பொழுதே விடியாது."

சிஸ்டருக்கும் ஆளைத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை இருமல் என்று வந்த முப்பது பேரில் இவனும் ஒருவன். முப்பது பேருக்கும் சிரப் வேண்டும், அதுவும் கசக்கிற சிரப், முடிந்தால் ஊசி. சளிக்கு வருகிற இருமல் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே போய்விடும், சிரப் குடித்து அது ஒரு நாள்கூட முன்னால் போகப் போவதில்லை, வெந்நீரும் தேனும் போதும் என்று முப்பது தரம் சொல்லி அவளுக்கே தொண்டை கட்டிவிட்டது.

இவன் ஒருவன்தான் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளைவெளேரென்று பல் தெரியச் சிரித்து, எத்தனை கரண்டி தேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனான். எல்லாம் நடிப்பு என்று இப்போது புரிந்தது.

"தேன் குடின்னு சொல்லி அனுப்பினா, பாக்கு மென்னு என் வாசல்லயே வந்து துப்பறியா? படிச்சவ சொல்ற பேச்சு அவ்வளவு இளப்பமாப் போச்சா?"

ஓபேத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருமல் முந்திக்கொண்டது. வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, குனிந்து, அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"சிஸ்டர், ராத்திரியிலேருந்து இது வேற மாதிரி..."

"உன் கதையெல்லாம் அப்புறம். மொதல்ல படியக் கழுவு. கழுவினாத்தான் சீட்டு."

அன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டினால் இனித் திங்கட்கிழமைதான். மணி பதினொன்று ஆகியிருந்தது. ஓபேத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கவுபா கொண்டுவந்து வைத்த வாளியையும் ஈர்க்குமாறையும் பார்த்தான். குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான்.

நான்கு தேய்ப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி நான்கு தேய்ப்பு, இன்னும் நீளமாய் ஒரு நிறுத்தம். நெற்றியிலிருந்து வியர்வை படியில் சொட்டியது. வேலைக்கு உடம்பு வளையாத சோம்பேறி என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டாள். வரிசையிலிருந்த மீன்காரி ஒருத்தி, பஸ் ஜன்னல் வழியே ஊரார் தலையில் துப்பியதற்கெல்லாம் இன்றைக்குத்தான் கூலி கிடைக்கிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. கூட்டம் கூடியிருக்கும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லி விடுவது அவள் வழக்கம். இந்த மோர்ஸ்பி நகரத்தில் சுவர் பாக்கியில்லை, விளக்குக் கம்பம் பாக்கியில்லை, கோயில் மதில்கூடப் பாக்கியில்லை என்றாள். துப்பிவிட்டு நான் இல்லை என்று சாதிக்கிறவர்களைப் பிடிக்கத் தனக்குப் போலீஸ் தேவையில்லை என்றாள்.

"வாயத் தொறந்தாப் போதும். கறுத்த பல்லே காட்டிக் குடுத்துரும்."

வரிசையில் ஏழெட்டு உதடுகள் சட்டென்று மூடிக்கொண்டன. மீன்காரி தன் சுண்ணாம்பு டப்பியை மெல்லப் பைக்குள் தள்ளினாள்.

படி வெளுத்ததும் சிஸ்டர் வந்து பார்த்தாள். ஓரத்தில் ஒரு கோடு மிச்சம் இருந்தது. அதையும் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தான். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அவனை உள்ளே கூப்பிட்டாள்.

நாற்காலியைக் காட்டியும் அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்றான். குந்தி உட்கார்ந்து ஒரு படி கழுவியதற்கே இந்த ஆர்ப்பாட்டமா என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள். நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாய் சுவர் ஆணியிலேயே தொங்கியது. அதை எடுக்க வேண்டிய தேவை அவளுக்குத் தோன்றவில்லை.

அவனுடைய சிகிச்சை நோட்டைத் திறந்து விறுவிறுவென்று எழுதினாள். 'இருமல், ஐந்தாம் நாள். காரணம்: பாக்கும் சுண்ணாம்பும். மருந்து தேவையில்லை. பாக்கை விட்டால் இருமலும் விடும்.' ஒரு கணக்கு மட்டும்தான் பாக்கி இருந்தது. தலை நிமிராமலே கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தன பாக்கு?"

ஓபேத் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சைச் சேர்த்து, மரியாதையாகச் சொன்னான்.

"நான் பாக்குப் போடறதே இல்லீங்க, சிஸ்டர்."