கொட்டகைப் பெயர்

இரண்டு காதுகளையும் அடியோடு அறுத்திருந்தான்.

ரத்தம் கண்ணுக்குள் வழிய, நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தது. உதறும்போதெல்லாம் சுண்ணாம்புப் பாறையில் சிவப்பாகத் தெறித்தது.

அது நின்றது பழைய கல்குவாரியின் விளிம்பில். பின்னால் நாற்பதடிப் பள்ளம், அடியில் கறுத்த தண்ணீர். கழுத்துக் கயிற்றின் மறுமுனையில் தலையளவு கல் ஒன்று கட்டியிருந்தது. நாய் திமிறி அவன் கையிலிருந்து தப்பிவிட்டது, கல்லிடமிருந்து தப்பவில்லை. கல் விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஓரடி முன்னால் வைத்தால் அது ஓரடி பின்னால் வைத்தது. இன்னும் இரண்டடிதான் பாக்கி.

ஓடி ஓய்ந்த பந்தய நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பது என் வேலை. அயர்லாந்தில் லிமரிக் பக்கம் ஓடுகிற நாய்களில் பாதியின் முகம் எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பு முதல் வளைவில் விழுந்து பின்னங்காலை ஒடித்துக்கொண்ட பெட்டை இது. பந்தயச் சீட்டில் போட்டிருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பந்தயப் பெயர் சீட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும்தான். நாய்க்கு அது தெரியவே தெரியாது. கொட்டகையில் வைத்துக் கூப்பிடுகிற பெயர் வேறு. அது வளர்த்தவனுக்கும் நாய்க்கும் மட்டுமே தெரியும்.

என் புகாரின் பேரில் கூட வந்த போலீஸ்காரர் மடக்கித் தள்ளியதில், வளர்த்த கோர்மக் டியர்னி என் காலடியில்தான் கிடந்தான். சட்டைக் கையெல்லாம் ரத்தம். கேட்டால் முயல் உரித்தேன் என்கிறான். காதுகளையும் கத்தியையும் தண்ணீரில் எறிந்தாயிற்று. காதில் பச்சை குத்திய எழுத்துதான் எங்கள் நாட்டில் நாய் யாருடையது என்பதற்குச் சாட்சி. இப்போது அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாயும் வந்துவிட்டால், பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரரிடம் வசமாக மாட்டிக்கொள்வான்.

"என் நாயே இல்ல," என்று சிரித்தான். "நீயே கூப்பிடேன். ஊர்ல இருக்கற நாய்க்கெல்லாம் நீதானே ஆத்தா?"

நாய் பிடிக்கிற கழியால் அவன் வாயில் அடித்தேன். பல் ஒன்று சரளையில் விழுந்தது. சிரிப்பு நிற்கவில்லை. முடியைப் பிடித்து முகத்தைக் கல்லில் தேய்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

"விடுங்கம்மா, செத்துகித்துத் தொலையப்போறான்!"

போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இங்கே யாரையும் தெரியாது. இழுத்த இழுப்பில் பலமில்லை. காதுகள் இருந்த இடத்தை அவரும் பார்த்திருந்தார்.

கல் நகர்ந்தது. கயிறு விறைத்து, நாயின் பின்னங்கால்கள் வழுக்கின.

அவன் வலது கையைப் பாறைமேல் விரித்து, சுண்டுவிரலில் பூட்ஸ் குதியை வைத்து முழு எடையோடு ஏறினேன். சுள்ளி மாதிரி முறிந்தது. காலை அடுத்த விரலுக்கு நகர்த்தினேன்.

அப்போதுதான் கத்தினான்.

"நுவாலா! ஏய் நுவாலா, வாடி இங்க!"

நாய் வந்தது. வயிறு தரையில் தேய, வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு, கல்லையும் இழுத்துக்கொண்டு வந்தது. அவன் முன்னால் படுத்து, அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டது.

போலீஸ்காரர் பாய்ந்து கயிற்றை அறுத்தார். பெயரைக் குறித்துக்கொள்ள நோட்டைத் திறந்தவர், எழுதாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் காலையில் அவரே எழுதிய பெயர் அது.

அவனைக் கட்டிக்கொண்டு நான் வாழ்ந்த வீட்டை விட்டு ஓடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. நாய்க்கு வயது மூன்று. மூன்று வருடமும் என் பெயரைச் சொல்லித்தான் அதை அடித்திருக்கிறான்.

போலீஸ்காரர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

அவன் கூப்பிட்ட உடனே விரலிலிருந்து காலை எடுத்துவிட்டு, நானும் அவன் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றிருந்தேன்.